டெப்ரிகேட்டட் லைப்ரரி எச்சரிக்கைகள்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொக்யாட் வீதிக் கடைகள், உப்புவெளி விடுதிகள், கிண்ணியா, மூதூர் கூட்டுறவுச் சங்கங்கள், கோணேசபுரி வளாக மாணவர்கள் என்று எங்கு கணினி பார்க்கப் போனாலும் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எளியதில் தொடங்கிச் சிக்கலானவை வரை தொகுத்திருக்கிறோம். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் வாயால் சொல்வதுபோலத் தரப்பட்டுள்ளன. கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

"‘டெப்ரிகேட்டட்’ எண்டு திரையில வருது. என்ன பழுதாப் போச்சு?"

ஒன்றும் பழுதாகவில்லை. எந்தப் புரோகிராமும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. அச்சிட, படம் திறக்க, இணையத்தோடு பாதுகாப்பாகப் பேச என்று ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே எழுதி வைத்த பொதுத் தொகுதிகளைக் கூப்பிடும். அவைதான் லைப்ரரிகள். விண்டோஸில் அவை டிஎல்எல் கோப்புகளாக இருக்கும், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் எஸ்ஓ கோப்புகளாக இருக்கும். ஒரு லைப்ரரியைச் செய்தவர்கள், "இதற்கு மாற்று வந்துவிட்டது, இதை ஒருநாள் எடுத்துவிடுவோம், இனிப் புதிதாக எதையும் இதை நம்பிக் கட்டாதீர்கள்" என்று அறிவித்துவிட்டார்கள் என்பதுதான் அந்தச் செய்தி.

கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும்வரை பாதைப் படகு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பாலத் தூண்கள் எழும்பத் தொடங்கிய பிறகு, அந்தப் படகை நம்பிப் புதிதாக யாரும் தொழில் தொடங்கியிருக்க மாட்டார்கள். டெப்ரிகேட்டட் என்பது அந்த இடைக்காலம்.

"வேலை செய்யுதுதானே? ‘ஓகே’ குடுத்திட்டுப் போனா என்ன?"

இன்றைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த பெரிய அப்டேட் வரும் நாளில்தான் ஆகும். ஆப்பிள் இதைத் தெளிவாகச் செய்து காட்டியது. 2018 ஏப்ரலில் மேக்கில் 32-பிட் என்ற பழைய வகைப் புரோகிராமைத் திறந்தால், இதைச் செய்தவர் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு செய்தி வரத் தொடங்கியது. பலரும் ‘ஓகே’ கொடுத்துவிட்டுப் போனார்கள். 2019 அக்டோபரில் கட்டலீனா என்ற புதிய மேக் இயங்குதளப் பதிப்பு வந்தபோது அந்தப் புரோகிராம்கள் அடியோடு திறக்கவில்லை. கையில் ஒன்றரை வருடம் இருந்தது. அதற்குள் மாற்றுத் தேடியவர்கள் ஆறுதலாக மாறினார்கள், தேடாதவர்கள் வேலை நின்ற நாளில் ஓடித்திரிந்தார்கள்.

ஆகவே ‘ஓகே’ கொடுக்கலாம். அதற்கு முன்னர் திரையைப் படம் எடுத்து வையுங்கள். எந்தப் புரோகிராம், எந்த லைப்ரரி, எந்தத் திகதி என்ற மூன்றும் அதில் தெரிய வேண்டும். பிறகு உதவி கேட்கும்போது, "ஏதோ வோர்னிங் வந்தது" என்று சொல்வதைவிட அந்தப் படம் பத்து மடங்கு பிரயோசனப்படும்.

"டெப்ரிகேட்டட், சப்போர்ட் முடிஞ்சது, நீக்கியாச்சு. மூண்டும் ஒண்டுதானே?"

இல்லை. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் தேவையில்லாமல் பதறுகிறார்கள், சிலர் பதற வேண்டிய நேரத்தில் சும்மா இருக்கிறார்கள். டெப்ரிகேட்டட் என்றால் லைப்ரரி இருக்கிறது, பாதுகாப்பு ஓட்டைகளையும் அடைக்கிறார்கள், ஆனால் போகப்போகிறது. சப்போர்ட் முடிந்தது என்றால் கோப்பு கணினியில் இருக்கும், ஓடும், ஆனால் புதிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆளில்லை. நீக்கியாச்சு என்றால் கோப்பே இல்லை, புரோகிராம் திறக்காது.

ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம். விண்டோஸின் பழைய ஸ்கிரிப்ட் மொழியான விபிஸ்கிரிப்டை மைக்ரோசொப்ட் 2023 அக்டோபரில் டெப்ரிகேட்டட் பட்டியலில் போட்டது. விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில் அது விருப்பத் தேர்வுப் பகுதியாகிவிட்டது. இப்போதைக்கு இயல்பாகவே கூட வருகிறது, பிறகு தானாக வராது, கடைசியில் இருக்கவே இருக்காது. இணையத்தோடு பாதுகாப்பாகப் பேச உதவும் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 இற்கு 2023 செப்டெம்பர் 11 உடன் பொதுச் சப்போர்ட் முடிந்தது. அது பதிந்துள்ள கணினிகளில் இன்றும் ஓடுகிறது, ஆபத்தும் அங்கேதான். மூன்றாவதற்குப் பைதன் நிரல்மொழியில் பொதிகளைக் கட்ட உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ். உபுண்டு 22.04 இல் உள்ள பைதன் 3.10 அதற்கு எச்சரிக்கை தரும். 24.04 இல் உள்ள பைதன் 3.12 இலோ அப்படியொரு மொடியூலே கிடையாது.

மூன்றில் கூடக் கவலைப்பட வேண்டியது நடுவில் உள்ளது. நீக்கியது தானே சத்தம் போடும். சப்போர்ட் முடிந்தது சத்தமே போடாது.

"இது உண்மையான வோர்னிங்கா, வைரஸ்காரன் போடுறதா? கீழ ஒரு போன் நம்பரும் இருக்குது."

போன் நம்பர் இருந்தால் போலி. விண்டோஸோ உபுண்டுவோ ஆண்ட்ராய்டோ லைப்ரரி பழசு என்று சொல்லி உங்களை அழைப்பு எடுக்கச் சொல்லாது. உண்மையான செய்தி புரோகிராம் திறக்கும்போதோ, அப்டேட் போடும்போதோ, கட்டளை தட்டும் திரையான டெர்மினலிலோ வரும். ஏதோ ஓர் இணையப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிரவுசருக்குள் திரையை நிறைத்துக்கொண்டு வராது. உண்மையான செய்தியில் குறிப்பிட்ட ஒரு பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கும். போலியில் "உங்கள் கணினி ஆபத்தில்" என்ற பொதுப்பேச்சும் ஒரு ‘டவுன்லோட்’ பொத்தானும்தான் இருக்கும். பிரவுசரை மூடுங்கள், மூடாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் நிறுத்துங்கள், எதையும் இறக்காதீர்கள்.

"எம்எஸ்விசிஆர்100.டிஎல்எல் இல்லை எண்டு வருது. அந்த ஒரு ஃபைலை மட்டும் நெட்டில எடுத்துப் போடலாமா?"

போடாதீர்கள். டிஎல்எல் கோப்புகளைத் தனித்தனியாகத் தரும் தளங்களில் இருப்பது எந்தப் பதிப்பு, யார் கைவைத்தது என்று உறுதிசெய்ய வழியில்லை. அந்தக் கோப்பு மைக்ரோசொப்டின் விசுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பில் ஒரு துண்டு, முழுத் தொகுப்பையும் மைக்ரோசொப்ட் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். பெயரில் உள்ள எண் எந்தத் தொகுப்பு என்று சொல்லும்: 100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. விசிரன்டைம்140 என்று வந்தால் 2015 இற்குப் பிந்திய ஒருங்கிணைந்த தொகுப்பு. முதல் மூன்றுக்கும் சப்போர்ட் முடிந்துவிட்டது (2010 இற்கு 2020 யூலையில், 2012 இற்கு 2023 ஜனவரியில், 2013 இற்கு 2024 ஏப்ரலில்). அதனால் தொகுப்பைப் போட்டு வேலையைத் தொடருங்கள், அதேநேரம் அந்தப் புரோகிராமைச் செய்தவரிடம் புதிய பதிப்பும் கேளுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் 32-பிட், 64-பிட். கணினி 64-பிட் என்பதற்காக 64-பிட் தொகுப்பை மட்டும் போட்டால் அதே பிழை திரும்ப வரும். பழைய புரோகிராம் 32-பிட் என்றால் எக்ஸ்86 தொகுப்புத்தான் அதற்கு வேண்டும். இரண்டையும் போட்டு வைப்பதில் தீங்கில்லை. பெயர்களும் ஆளை ஏமாற்றும்: 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 கோப்புறைக்குள் இருப்பது 64-பிட் கோப்புகள், சிஸ்வாவ்64 இற்குள் இருப்பது 32-பிட். இது தெரியாமல் கோப்பைக் கையால் மாற்றிப் போட்டால் 0எக்ஸ்சி000007பி என்ற பிழை வரும். அந்த எண்ணைக் கண்டால், பிட் மாறிய டிஎல்எல் எங்கோ கிடக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள்.

"டொட்நெட் 3.5 வேணும் எண்டு கேக்குது. டேட்டா குறைவு. என்ன செய்யிறது?"

டொட்நெட் என்பது பல விண்டோஸ் புரோகிராம்கள் நம்பியிருக்கும் மைக்ரோசொப்ட் லைப்ரரித் தொகுதி. விண்டோஸ் 10 இல் அதன் 3.5 பதிப்பு உள்ளேயே ஒரு விருப்பப் பகுதி. கன்ட்ரோல் பனலில் ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஓன் ஓர் ஓஃப்’ என்பதைத் திறந்து டிக் போட்டால் விண்டோஸ் அப்டேட்டில் இருந்து இறக்கும். டேட்டா இல்லை, ஆனால் அதே பதிப்பின் நிறுவல் பென்ட்ரைவ் இருக்கிறது என்றால், அதன் சோர்சஸ் கோப்புறைக்குள் உள்ள எஸ்எக்ஸ்எஸ் என்ற கோப்புறையைக் காட்டி டிஐஎஸ்எம் கட்டளையால் இணையம் இல்லாமலே ஏற்றலாம். விண்டோஸ் பதிப்பும் பென்ட்ரைவில் உள்ள பதிப்பும் ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘சோர்ஸ் கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடும். 3.5 இன் சப்போர்ட் 2029 ஜனவரி 9 வரை உண்டு. அவசரமில்லை, ஆனால் திகதி போட்டாயிற்று.

"எங்கட கடை பில்லிங் விபி6 இல செய்தது. விண்டோஸ் 11 க்கு மாறினா ஓடுமா?"

பெரும்பாலும் ஓடும். விபி6 இல் (விசுவல் பேசிக் 6) புரோகிராம் எழுதும் கருவிக்கு 2008 ஏப்ரலிலேயே சப்போர்ட் முடிந்தது. ஆனால் எழுதிய புரோகிராமை ஓட்டும் அடிப்படை லைப்ரரியை, அதாவது எம்எஸ்விபிவிஎம்60 ஐ, விண்டோஸ் இன்றும் தன்னோடு கொண்டு வருகிறது. இடறுவது அதைச் சுற்றியுள்ள சில்லறைகள்தான்: ஓசிஎக்ஸ் கோப்புகள் (திரையில் வரும் பட்டியல், பெட்டி போன்றவற்றுக்கான துணைக் கோப்புகள்), பழைய அக்சஸ் தரவுத்தளத்துக்கான ஜெட் இயக்கி, அறிக்கை அச்சிடும் பகுதி. இவை 32-பிட். ஓசிஎக்ஸ் கோப்புகளைச் சிஸ்வாவ்64 இல் வைத்து, அதே கோப்புறையில் உள்ள ரெக்எஸ்விஆர்32 ஆல் நிர்வாகி உரிமையோடு பதிய வேண்டும். சாதாரண உரிமையில் பதிந்தால் தோல்வி என்று வரும், சிலர் அதை விண்டோஸ் 11 இன் குறை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அதைவிடப் பழைய, டொஸ் காலத்து 16-பிட் புரோகிராம் என்றால் ஓடாது. விண்டோஸ் 11 இற்கு 32-பிட் பதிப்பே இல்லை, 64-பிட் விண்டோஸ் 16-பிட்டை ஓட்டாது. இன்னொன்று: பில் தமிழில் பாமினி எழுத்துருவில் அச்சாகிறது என்றால், புதிய கணினியில் பாமினியையும் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பில்லில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரும், லைப்ரரிப் பழுது என்று நினைத்து அதைத் தேடி நேரம் வீணாகும்.

மாறும் முறை இதுதான். பழைய கணினியை அப்படியே வைத்துக்கொண்டு புதியதில் ஏற்றுங்கள். ஒரு கிழமை இரண்டிலும் பில் போடுங்கள். நாள் முடிவு அறிக்கை, பொருள் திரும்ப எடுத்தல், பாக்கப் கோப்பைத் திரும்ப ஏற்றல் என்ற மூன்றையும் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். மாதம் ஒருமுறை மட்டும் அமத்தும் பொத்தானுக்குப் பின்னால்தான் காணாமல்போன ஓசிஎக்ஸ் ஒளிந்திருக்கும்.

"போனில ‘இந்த ஆப் பழைய ஆண்ட்ராய்டுக்குச் செய்தது’ எண்டு வருது. ரீசெட் பண்ணினா போகுமா?"

போகாது. ஆப்பைக் கட்டியவர் எந்த ஆண்ட்ராய்டை மனதில் வைத்துக் கட்டினார் என்பது ஆப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும், போன் அதைப் படித்துத்தான் சொல்கிறது. ஆண்ட்ராய்டு 14 இல், 6.0 இற்கு முந்திய பதிப்பைக் குறிவைத்துக் கட்டிய ஆப்புகளைப் புதிதாக நிறுவவே விடாது. ஏற்கெனவே இருந்தவை போன் அப்டேட் ஆன பிறகும் தங்கும். ரீசெட் பண்ணினால் அதுவும் போய்விடும், திரும்பவும் ஏறாது. அந்த ஆப்புக்குள் கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல் ஏதாவது இருந்தால் புதிய போன் வாங்கும் முன்னரே வெளியே எடுத்துவிடுங்கள்.

"புரோகிராம் திறக்குது, ஆனா நெட்டோட சேராது. இதுவும் உந்தச் சோலிதானா?"

பல நேரம் ஆம். சேவையகங்கள் டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய பாதுகாப்பு முறைகளை ஏற்பதை நிறுத்திவிட்டன. 2021 மார்ச்சில் அவை முறைப்படியே கைவிடப்பட்டன. பழைய லைப்ரரிக்கு 1.2 தெரியாவிட்டால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இணைப்பு மட்டும் அறுந்து போகும். டொட்நெட் 4.5 ஐக் குறிவைத்து எழுதிய புரோகிராம்கள் தாமாக 1.0 ஐத்தான் கேட்கும். செய்தவரிடம் 4.8 இற்கு மாற்றிக் கட்டித் தரச் சொல்லுங்கள். அது நடக்கும்வரை விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ‘எஸ்சிஎச்யூஸ்ஸ்ட்ரோங்கிரிப்டோ’ என்ற மதிப்பை 1 ஆக்கினால் சமாளிக்கலாம். 32-பிட் புரோகிராமுக்கு அதை வாவ்6432நோட் பிரிவுக்குள்ளும் வைக்க வேண்டும். பலர் விடுவது இந்த இரண்டாவது இடத்தை.

முதலில் கணினியின் திகதியையும் பாருங்கள். மதர்போர்ட் பற்றரி செத்து, திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருந்தாலும் இதே அறிகுறிதான்.

"உபுண்டுவில அப்டேட் போட்டா ‘லெகஸி கீரிங்’ எண்டு ஒவ்வொரு முறையும் வருது."

வெளி இடத்திலிருந்து மென்பொருள் எடுக்கும்போது, அது உண்மையில் அவர்களுடையதா என்று பார்க்க ஒரு சாவிக் கோப்பு வேண்டும். முன்னர் ஏப்டி-கீ என்ற கட்டளையால் எல்லாச் சாவிகளையும் டிரஸ்டட்.ஜிபிஜி என்ற ஒரே கோப்பில் போட்டோம், ‘லெகஸி கீரிங்’ என்பது அதுதான். அதிலுள்ள குறை, அங்குள்ள எந்தச் சாவியும் எந்த இடத்திலிருந்து வரும் மென்பொருள் பொதிக்கும் செல்லுபடியாகும் என்பது. ஒரு சின்னத் தளத்தின் சாவி திருட்டுப்போனால் முழு இயங்குதளமும் ஏமாறலாம்.

செய்தியில் எந்தத் தளம் என்று பெயர் இருக்கும். அதிலிருந்து இப்போது எதுவும் எடுப்பதில்லை என்றால் சோர்சஸ் பட்டியலில் இருந்து அந்த வரியை நீக்குங்கள், கதை முடிந்தது. தேவையென்றால் சாவியை ஈடிசி கோப்புறையின் ஏப்டிக்குள் கீரிங்ஸ் என்ற இடத்தில் தனிக்கோப்பாக வைத்து, அந்தத் தளத்துக்குரிய வரியில் ‘சைன்ட்-பை’ என்று அந்தக் கோப்பைக் குறிப்பிடுங்கள். பிறகு பழைய கோப்பில் இருந்து சாவியை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் எச்சரிக்கை நின்றாலும் ஓட்டை அப்படியே இருக்கும்.

"லிப்எஸ்எஸ்எல் 1.1 இல்லை எண்டு வருது. 20.04 பொதியை 22.04 இல போட்டாச் சரி எண்டு சொல்லினம்."

லிப்எஸ்எஸ்எல் 1.1 என்பது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 இன் லைப்ரரிக் கோப்பு, 20.04, 22.04 என்பவை உபுண்டுப் பதிப்புகள். போட்டால் ஓடும். அதனால்தான் அந்த யோசனை இவ்வளவு பரவியிருக்கிறது. ஆனால் 22.04 இல் உள்ளது ஓப்பன்எஸ்எஸ்எல் 3. நீங்கள் கையால் போட்ட 1.1 ஐ 22.04 இன் அப்டேட் எட்டியும் பார்க்காது. 20.04 இன் சாதாரண சப்போர்ட்டும் 2025 மே உடன் முடிந்துவிட்டது. மேலே மூன்றாவது கேள்வியில் சொன்ன அந்தச் சத்தம் போடாத ஆபத்தை நீங்களே கொண்டுவந்து வீட்டுக்குள் வைக்கிறீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வரும் ஓட்டை சின்ன விசயமல்ல. 2014 ஏப்ரலில் வெளியே தெரிந்த ஹார்ட்பிளீட் ஓட்டையால் சேவையகத்தின் நினைவகத்தில் இருந்த கடவுச்சொற்களைக்கூட வெளியே இருந்து படிக்க முடிந்தது.

சரியான ஒழுங்கு இது. முதலில் புரோகிராமின் புதிய பதிப்பு 3 இற்குக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் அந்தப் புரோகிராமை மட்டும் 20.04 கன்டெய்னருக்குள் (மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த தனிச் சூழல்) ஓட்டுங்கள், உபுண்டு புரோ என்ற நீடித்த பாதுகாப்புச் சேவை தனிப்பட்ட பாவனைக்கு ஐந்து கணினி வரை இலவசம், அதில் 20.04 இற்கு 2030 வரை ஓட்டை அடைப்புகள் வரும். இரண்டும் முடியாமல் பொதியைக் கையால் போட்டே ஆக வேண்டுமென்றால், அந்தப் புரோகிராமின் சொந்தக் கோப்புறைக்குள் மட்டும் போடுங்கள். முழு இயங்குதளத்துக்கும் பொதுவான இடத்தில் போடவேண்டாம்.

"என்ர மெசினில எந்தெந்தப் பழைய லைப்ரரி கிடக்கு எண்டு எப்படிப் பாக்கிறது?"

உபுண்டுவில் ‘புரோ செக்யூரிட்டி-ஸ்டேட்டஸ்’ என்று கொடுத்தால் எத்தனை பொதிகளுக்கு எதுவரை பாதுகாப்பு உண்டு என்று சொல்லும். ‘அன்அவெய்லபிள்’ என்ற தெரிவைச் சேர்த்தால் இனி எங்கும் கிடைக்காதவற்றைப் பட்டியலிடும். கையால் போட்ட பழைய பொதிகள் அங்கே மாட்டும். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் டெபியன்-செக்யூரிட்டி-சப்போர்ட் என்ற பொதியை நிறுவுங்கள். சப்போர்ட் முடிந்த பொதி ஏதாவது உங்கள் கணினியில் இருந்தால் அது தானாகவே சொல்லும், ‘செக்-சப்போர்ட்-ஸ்டேட்டஸ்’ கட்டளையால் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். பாவனையாளரை எச்சரிக்கும் வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்யும் கருவிகள் குறைவு, டெபியன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைப் போட்டு வைக்க வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட புரோகிராம் எதையெல்லாம் கூப்பிடுகிறது என்று எல்டிடி கட்டளை காட்டும். நம்பிக்கையில்லாத கோப்பில் எல்டிடியை ஓட்டாதீர்கள், சில வேளை அது அந்தப் புரோகிராமையே இயக்கிவிடும். அதற்கு ஒப்ஜ்டம்ப் கட்டளையில் ‘நீடெட்’ வரிகளை மட்டும் பாருங்கள். விண்டோஸில் மைக்ரோசொப்டின் புரொசெஸ் எக்ஸ்புளோரரை இறக்கி, புரோகிராமைத் தெரிவுசெய்து கன்ட்ரோலும் டியும் அமத்தினால் அது ஏற்றியுள்ள டிஎல்எல்கள் கீழே வரும்.

"விசுவல் சி++ எண்டு ஒரு பத்துப் பன்னிரண்டு கிடக்கு. பழசெல்லாம் அழிச்சா?"

அழிக்காதீர்கள். 2010 தொகுப்பின் வேலையை 2013 தொகுப்பு செய்யாது. ஒவ்வொரு புரோகிராமும் தான் கட்டப்பட்ட தொகுப்பைத்தான் தேடும். இடம் மிச்சம் பிடிப்பதும் சொற்பம். உபுண்டுவிலும் எதையாவது நீக்கும் முன்னர் ‘ஆர்டிபென்ட்ஸ்’ என்று கேட்டு எவை அதை நம்பியிருக்கின்றன என்று பாருங்கள், நீக்கும் கட்டளையோடு ‘மைனஸ் எஸ்’ சேர்த்து வெள்ளோட்டம் விடுங்கள். நீங்கள் ஒன்றை நீக்கச் சொல்ல, கூடவே நாற்பது போகப்போகிறது என்று பட்டியல் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

"பைதன் வோர்னிங்கை மறைச்சு விட்டா மார்க்ஸ் குறைக்க மாட்டினம்தானே?"

மறைக்கலாம், ஆனால் அது உங்களுக்காகவே எழுதப்பட்ட செய்தி. பைதன் 3.7 முதல், நீங்கள் நேரடியாக ஓட்டும் கோப்பில் இருந்து வரும் டெப்ரிகேஷன் வோர்னிங் மட்டும்தான் இயல்பாகத் தெரியும், மற்றவை ஏற்கெனவே மறைக்கப்பட்டே இருக்கின்றன. ஃபியூச்சர் வோர்னிங் என்பது வேறு, அது புரோகிராமைப் பாவிப்பவருக்கானது. சோதனை ஓட்டும்போது ‘டபிள்யூ எரர்’ தெரிவைக் கொடுத்தால் ஒவ்வொரு எச்சரிக்கையும் பிழையாக மாறி, எந்த வரியில் என்று காட்டும். அப்படி ஒருமுறை ஓட்டித் திருத்திவிட்டு ஒப்படையுங்கள்.

பிஎச்பி படிப்பவர்களுக்கு: பழைய குறிப்புகளில் உள்ள மைஎஸ்கியூஎல்_கனெக்ட் வகைச் செயற்கூறுகள் 5.5 இல் எச்சரிக்கப்பட்டு 7.0 இல், அதாவது 2015 டிசம்பரில், நீக்கப்பட்டுவிட்டன. மைஎஸ்கியூஎல்ஐ அல்லது பிடிஓ பாவியுங்கள்.

"வோர்னிங் என்ர கோடில இல்லை. நான் பாவிக்கிற லைப்ரரி பாவிக்கிற லைப்ரரியில வருது!"

முதலில் சங்கிலியைக் கண்டுபிடியுங்கள். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் ‘என்பிஎம் எல்எஸ்’ என்று பொதியின் பெயரோடு கொடுத்தால் யார் அதைக் கொண்டுவந்தது என்று மரமாகக் காட்டும், ஜாவா மேவனில் ‘டிபென்டன்சி ட்ரீ’. சங்கிலியில் உங்களுக்கு மிக அருகில் உள்ள பொதியைப் புதுப்பித்தாலே பாதி எச்சரிக்கைகள் போய்விடும். போகாவிட்டால் அந்தப் பொதியைச் செய்பவர்களுக்கு, உங்கள் பதிப்பு எண்களோடும் எச்சரிக்கையின் முழு வரியோடும் எழுதுங்கள்.

பதில் வரும்வரை பதிப்பைப் பூட்டி வைக்கலாம். பூட்டிய வரிக்குப் பக்கத்தில் ஏன் பூட்டினோம், எப்போது திரும்பப் பார்ப்போம் என்று ஒரு குறிப்பு எழுதுங்கள். காரணம் எழுதாத பூட்டை அடுத்து வருபவர் தொடப் பயப்படுவார், அது அங்கேயே துருப்பிடிக்கும். பதிவுக் கோப்பு எழுத உதவும் ஜாவா லைப்ரரியான லொக்4ஜே 1 இற்கு 2015 ஓகஸ்டிலேயே சப்போர்ட் முடிந்தது. அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகும் அது ஓடிக்கொண்டிருந்த இடங்களில் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது.

"நாங்களே சொப்ட்வெயார் செய்து குடுக்கிறம். எங்கட கஸ்டமருக்கு இதை எப்படிச் சொல்லோணும்?"

எல்லாக் கேள்வியிலும் முக்கியமானது இதுதான். எச்சரிக்கை, ஏதாவது செய்யக்கூடிய ஆளிடம் போய்ச் சேர வேண்டும். காசாளர் பில் போடும் ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி வந்தால் இரண்டாம் நாளே வாசிக்காமல் மூடப் பழகிவிடுவார். பிறகு வரும் உண்மையான பிழைச் செய்தியையும் அதே வேகத்தில் மூடுவார். ஆகவே நிர்வாகி நுழையும்போது மட்டும், கிழமைக்கு ஒருமுறை காட்டுங்கள். பதிவுக் கோப்பில் புரோகிராம் ஒருமுறை திறந்தால் ஒரு வரி போதும். டெர்மினல் புரோகிராம் என்றால் ஸ்டாண்டர்ட் எரரில் எழுதுங்கள், சாதாரண வெளியீட்டில் எழுதினால் அதைப் படித்து வேலை செய்யும் வேறு ஸ்கிரிப்டுகள் குழம்பும்.

செய்தியில் நான்கு விசயம் வேண்டும்: எது போகிறது, எந்தத் திகதியில், அதனால் எது நிற்கும் எது நிற்காது, என்ன செய்ய வேண்டும். ஒரு மாதிரி: "மாத அறிக்கை அச்சிடும் பகுதி 2027-03-31 இற்குப் பின் இயங்காது. பில் போடுவதில் மாற்றம் இல்லை. அதற்கு முன் பதிப்பு 5 ஐ நிறுவவும். நிறுவ 20 நிமிடம் ஆகும், தரவு அழியாது." ‘விரைவில்’, ‘எதிர்காலத்தில்’ என்று எழுதாதீர்கள், அதை வாசித்து யாரும் அசைந்ததில்லை. எங்கள் ஊரில் ஒரே கவுண்டரில் தமிழும் சிங்களமும் பேசுபவர்கள் மாறிமாறி இருப்பார்கள். செய்தியை இரண்டிலும் போடுங்கள், லைப்ரரியின் பெயரையும் பிழை எண்ணையும் மட்டும் ஆங்கிலத்திலேயே விடுங்கள், தேடும்போது அதுதான் உதவும்.

மாற்று தயாராகும் முன்னர் எச்சரிக்கத் தொடங்காதீர்கள். "இதைப் பாவிக்காதே" என்று சொல்லி, எதைப் பாவிப்பது என்று சொல்லாத செய்தி வெறும் தொந்தரவு.

"திகதி சொல்லுறாங்கள், பிறகு தள்ளிப் போடுறாங்கள். நம்பலாமா?"

தள்ளிப் போவது உண்மைதான். பைதன் 2.7 இற்கு முதலில் 2015 என்றார்கள், பிறகு 2020 ஜனவரி 1 என்று மாற்றினார்கள். விண்டோஸ் 10 இற்கு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது, பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீடிக்கப்பட்டது. இரண்டிலும் கடைசியில் கதவு மூடப்பட்டது, அல்லது மூடும் நாள் குறிக்கப்பட்டது. அறிவித்த திகதியையே கணக்கில் எடுங்கள், நீடித்தால் அதைச் சோதனை செய்து பார்க்கக் கிடைத்த மேலதிக நேரமாகப் பாவியுங்கள்.

"மாத்தவே ஏலாது. அந்த மெசின் லாப் கருவியோட சேர்ந்து வந்தது, விண்டோஸ் 7. என்ன செய்யிறது?"

இரத்தப் பரிசோதனைக் கருவி, ஸ்டூடியோ பிரிண்டர், பழைய ஸ்கேனர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அந்தக் கணினியை வலையமைப்பில் இருந்து கழற்றுங்கள். முடிவுகளை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அதற்கென்றே ஒரு பென்ட்ரைவ் வைத்து, ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்பட்ட வேறொரு கணினியில் ஸ்கேன் பண்ணுங்கள். மின்னஞ்சல், பிரவுசர் எதுவும் அதில் வேண்டாம். வலையமைப்பு இல்லாமல் ஓடாது என்றால், ரூட்டரில் அந்தக் கணினியை ஒரேயொரு முகவரியோடு மட்டும் பேச விடுங்கள்.

முழு டிஸ்கையும் ஒரு இமேஜ் கோப்பாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். கடற்கரை ஊரில் உப்புக்காற்று பழைய மதர்போர்டையும் பவர் சப்ளையையும் அரிக்கும். லைப்ரரி சாகும் முன்னர் இரும்பு சாகக்கூடும். எடுத்த இமேஜை வேறொரு பழைய கணினியில் ஒருமுறை ஏற்றி, கருவியையும் இணைத்துப் பாருங்கள். கருவி சீரியல் போர்ட்டில் இணைவது என்றால் புதிய கணினிகளில் அந்தப் போர்ட் இராது, யூஎஸ்பி மாற்றி ஒன்று வாங்கி அதையும் அப்போதே சோதியுங்கள். உரிமக் குறியீடு ஹார்ட்டிஸ்கின் எண்ணோடு பூட்டப்பட்டிருந்தால் இமேஜ் ஏறினாலும் புரோகிராம் திறக்காது. அந்த நிலைமையில் விற்றவரிடம் மாற்றுக் குறியீட்டை இப்போதே, நிறுவனம் இருக்கும்போதே, எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.